தெளிவு எத்தனை அடி? – மாண்டரே கடலடி வழிகாட்டிகளை வாசித்தல்

கடலுக்குள் எங்கே இறங்கலாம் என்று சொல்வதற்கென்றே ஒருவகை எழுத்து இருக்கிறது. ஸ்கூபா, ஸ்நார்க்கெல் ஆட்களுக்கான இட வழிகாட்டி. புத்தகமாக வரும், கடைகளில் மடித்த தாளாகக் கிடைக்கும், இப்போதெல்லாம் பெரும்பாலும் திரையில்தான். இதற்கெல்லாம் யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. ரயில்வே கால அட்டவணைக்கு யார் விமர்சனம் எழுதுகிறார்கள்? ஆனால் ஒரு கடலோரத்தைப் பற்றி வெளியாட்கள் வாசிக்கிற ஒரே எழுத்து பல சமயம் இதுவாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் அது எதைச் சொல்கிறது, எதை விடுகிறது என்று பார்க்க வேண்டியதுதானே?

கொஞ்ச காலமாக கலிஃபோர்னியாவின் மாண்டரே தீபகற்பத்தைப் பற்றிய வழிகாட்டிகளைத் தேடித்தேடி வாசித்து வருகிறேன். நான் முக்குளிப்பவன் இல்லை. அந்தக் கடற்கரையின் வரலாற்றைத் தேடப் போய் இதில் மாட்டிக்கொண்டேன். மாண்டரேயை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பவளப்பாறை, வெதுவெதுப்பான நீலத் தண்ணீர் என்று விற்க முடியாத கடல் அது. வருடம் முழுக்க மேல்தண்ணீர் ஏறத்தாழ 10 முதல் 15 டிகிரி செல்சியஸ். 7 மில்லிமீட்டர் தடித்த வெட்சூட்டோ, தண்ணீர் புகாத டிரைசூட்டோ இல்லாமல் அதிக நேரம் தாங்காது. அடியில் கெல்ப் என்னும் ராட்சதக் கடற்பாசிக் காடு. விரிகுடாவின் நடுவே 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கும் ஒரு பள்ளத்தாக்கு. இவ்வளவு சிக்கலான இடத்தைப் பற்றி இந்த எழுத்து எப்படிப் பேசுகிறது என்பதுதான் கேள்வி.

சட்டகம்

எந்த வழிகாட்டியை எடுத்தாலும் வரிசை கிட்டத்தட்ட ஒன்றுதான். இடத்தின் பெயர். ஆழம். தெளிவு எத்தனை அடி. தரம்: புதியவரா, பழகியவரா, கைதேர்ந்தவரா. வண்டி எங்கே நிறுத்துவது, கழிப்பறை உண்டா, உப்புத் தண்ணீரைக் கழுவிக்கொள்ளக் குழாய் உண்டா. கடைசியாக ‘என்ன பார்க்கலாம்’ என்று ஒரு பட்டியல்.

மாண்டரே ஊருக்குள்ளேயே இருக்கும் பிரேக்வாட்டரை எடுத்துக்கொள்வோம். சான் கார்லோஸ் கடற்கரையில் அலைதடுப்புச் சுவரை ஒட்டிய இடம். மணல் கரை, சாதுவான அலை, பக்கத்திலேயே பார்க்கிங். அந்தப் பகுதியில் ஸ்கூபா கற்றுக்கொள்கிறவர்களில் பலருக்கு முதல் முங்கு இங்கேதான். சுவர்மேல் கடற்சிங்கங்கள் படுத்துக்கொண்டு கத்தும். அடியில் கிடக்கும் பழைய குழாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டே போனால், ஆளுயரத்துக்குப் பாதி வரும் வெள்ளைக் கடல் அனிமோன்கள் கூட்டமாக நிற்கும் பாறைகள் வரும். இவ்வளவையும் வழிகாட்டிகள் நன்றாகவே சொல்கின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை.

இவர்கள் ‘ஸ்பாட்’ என்கிறார்களே, அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டைப் ‘பார்’ என்பார்கள். அந்தச் சொல் தரையைப் பார்த்து வந்தது. அங்கே என்ன விளைகிறது என்பதோடு ஒட்டியது. ‘ஸ்பாட்’ வருகிற ஆளைப் பார்த்து வந்த சொல். அவர் வந்தால் ஸ்பாட், வராவிட்டால் வெறும் கடல். வழிகாட்டிகளின் பலமும் பலவீனமும் இந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஆபத்து வந்தால் மொழி கூர்மையாகிறது

முதலில் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். கார்மெல் ஊருக்குத் தெற்கே, சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு கார்மெலைட் மடம் உள்ள கடற்கரை. அதனால் மொனாஸ்டரி பீச் என்று பெயர். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கரை சட்டென்று சரிகிறது. மணல் பொடிமணல் இல்லை, பருக்கை. காலை ஊன்றினால் உருளும். ஆழப் பள்ளத்தாக்கின் ஒரு கிளை கரைக்கு மிக அருகே வந்துவிடுவதால், பேரலை வேகம் குறையாமல் வந்து கரையிலேயே உடைகிறது. ஆட்கள் செத்திருக்கிறார்கள். உள்ளூர் முக்குளிப்பாளர்கள் பெயரைத் திரித்து ‘மார்ச்சுவரி பீச்’ என்றே சொல்வதுண்டு.

இந்த இடத்துக்கு வரும்போது வழிகாட்டிகளின் நடையே மாறிவிடுகிறது. கரைநடுவில் இறங்காதே, ஓரங்களுக்குப் போ. அலைகளை உட்கார்ந்து எண்ணு. துடுப்பை எப்போது மாட்டுவது, முகமூடியை எப்போது இறக்குவது. திரும்பி வரும்போது எழுந்து நிற்க முயலாதே, வாயிலிருக்கும் மூச்சுக்குழாயைக் கழற்றாதே, கைகால் நான்கையும் ஊன்றித் தவழ்ந்தே மேலே ஏறு. இதற்கு ‘மொனாஸ்டரி தவழல்’ என்றே ஒரு பெயர் உண்டு. இந்தப் பத்திகளில் ஒரு வார்த்தை வீணில்லை. ஏன் அலை அப்படி உடைகிறது என்ற காரணமும் கூடவே வருகிறது. நல்ல உரைநடை என்றால் இதுதான்.

அதே ஆசிரியர் அடுத்த பத்தியில் அழகைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் எல்லாம் போயிற்று. செழிப்பான காடு, வண்ணமயமான உயிர்கள், மறக்க முடியாத அனுபவம். மாண்டரேயை எடுத்துவிட்டு நார்வேயையோ டாஸ்மேனியாவையோ வைத்தாலும் பொருந்தும் வாக்கியங்கள். உயிர் போகும் என்றால் துல்லியம், மற்றதுக்கெல்லாம் துதி. இது ஏன்? ஆபத்தைச் சொல்ல அந்த இடம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அழகைச் சொல்ல அது தேவையில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

தெளிவு என்னும் மதிப்பெண்

‘தெளிவு எத்தனை அடி’ என்பதுதான் இந்த எழுத்தின் மையக் கேள்வி. தண்ணீருக்கடியில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது. 10 அடி என்றால் மோசம், 30 அடி என்றால் நல்ல நாள், 60 அடி என்றால் ஊரெல்லாம் சொல்லித் திரியலாம். இலையுதிர் காலத்தில் போங்கள், வசந்தத்தில் தண்ணீர் பச்சையாகக் கலங்கிவிடும் என்று எல்லா வழிகாட்டிகளும் ஒரே குரலில் சொல்கின்றன.

தகவல் சரி. முக்குளிப்பவருக்கு இது வெறும் வசதி சம்பந்தப்பட்டதும் இல்லை. கூட வந்தவரைக் கண்ணில் வைத்திருக்க முடியாவிட்டால் ஆபத்து. அதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கலங்கல் எங்கிருந்து வருகிறது?

வசந்தத்திலும் கோடையிலும் இந்தக் கரையை ஒட்டி வடமேற்குக் காற்று விடாமல் அடிக்கிறது. பூமியின் சுழற்சியும் சேர்ந்துகொள்ள, மேல்தண்ணீர் கரையை விட்டு வெளியே தள்ளப்படுகிறது. அந்த வெற்றிடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வருகிறது. மேலிருந்து செத்து விழுந்ததெல்லாம் மக்கிச் சேர்ந்த உரம் நிறைந்த தண்ணீர் அது. வெயிலும் உரமும் சேர்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் பெருகுகின்றன. தண்ணீர் பச்சையாவது அதனால்தான். அதைச் சிற்றுயிர்கள் தின்ன, அவற்றை நெத்திலியும் மத்தியும் தின்ன, அவற்றைத் தேடித் திமிங்கிலம் வரைக்கும் வருகிறது. கெல்ப் தோதான காலத்தில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதும் இந்த உரத்தால்தான். கண்ணாடிபோல் தெளிந்த வெப்பமண்டலக் கடல்கள் பல, அப்படித் தெளிந்திருப்பதே உரம் குறைவு என்பதால்.

இப்போது வழிகாட்டியைத் திரும்பப் பாருங்கள். ஒரு பக்கம் ‘உயிர்வளம் கொழிக்கும் இடம்’ என்று புகழ்கிறது. இன்னொரு பக்கம் அந்த வளத்தை உண்டாக்குகிற கலங்கலைக் குறையாகக் கணக்கில் எழுதுகிறது. வயலில் சேறு இருக்கிறது என்று புகார் சொல்லிக்கொண்டே சோற்றைப் புகழ்கிற மாதிரி. இரண்டு வாக்கியங்களும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று பழக்கமே இல்லாமல். மொனாஸ்டரி அலைக்குக் காரணம் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல இரண்டு வரி போதும். சொன்னால், 10 அடித் தெளிவில் இறங்குகிறவர் எரிச்சலோடு திரும்ப மாட்டார். தான் எதற்குள் நீந்திவிட்டு வந்தோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

நிகழ்காலம் மட்டும்

அடுத்த குறை காலம் பற்றியது. இந்த எழுத்துக்கு ஒரே ஒரு காலம்தான்: நிகழ்காலம். ‘இங்கே இருக்கிறது’, ‘இங்கே பார்க்கலாம்’.

பாயிண்ட் லோபோஸ் காப்பிடத்தில் வேலர்ஸ் கோவ் என்ற சிறு குடா. முன்பதிவு செய்த சிலருக்கு மட்டுமே அனுமதி. 1960-லேயே கடலடிப் பகுதியும் காப்பிடத்தோடு சேர்க்கப்பட்டது. அமெரிக்காவில் இதில் முன்னோடி இடங்களில் ஒன்று. வழிகாட்டிகளில் எப்போதும் முதல் வரிசை மதிப்பெண் இதற்குத்தான். வண்டியை நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய மரவீடு இருக்கிறது. 1850-களில் அங்கே வந்து குடியேறிய சீன மீனவர்கள் கட்டியது. அவர்களுக்குப் பின் போர்த்துக்கீசியத் திமிங்கில வேட்டைக்காரர்கள் வந்தார்கள். குடாவின் பெயரே அவர்களால் வந்தது. 1897-ல் ஜப்பானிலிருந்து கென்னொசுகே கொதானி என்பவர் வந்தார். அலெக்சாண்டர் ஆலன் என்ற நில உரிமையாளரோடு சேர்ந்து அபலோன் எடுத்து டின்னில் அடைக்கும் தொழில் நடந்தது. அபலோன் என்றால் பாறையில் ஒட்டி வாழும் பெரிய ஒற்றை ஓட்டுச் சிப்பி.

அபலோன் எடுக்க சிபா பகுதியிலிருந்து குளியாட்களை வரவழைத்தார்கள். அவர்கள் ஊர் வழக்கப்படி மூச்சடக்கித்தான் முதலில் இறங்கினார்கள். இந்தத் தண்ணீரின் குளிர் அதற்கு விடவில்லை. பிறகு பித்தளைத் தலைக்கவசமும் காற்றுக்குழாயும் உள்ள கனமான உடுப்புக்கு மாறினார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், வழிகாட்டி கேட்கிற அதே கேள்வியை — இந்தக் குளிருக்கு எதைப் போட்டுக்கொண்டு இறங்குவது — ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அதே குடாவில் வேலைக்காக இறங்கியவர்கள் கேட்டு, பதிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். நியோப்ரீன் வெட்சூட் 1950-களின் தொடக்கத்தில் இதே கலிஃபோர்னியாவில் பெர்க்லி இயற்பியலாளர் ஹ்யூ பிராட்னரின் யோசனையில் உருவானது. அதற்குப் பிறகுதான் இந்தக் கடல் பொழுதுபோக்குக்குத் திறந்தது. அதற்கு முன் அது பிழைப்புக்கான இடம். 1942-ல் மேற்குக் கடற்கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் அத்தனை பேரையும் முகாம்களுக்கு அனுப்பினார்கள். குளித்தவர்களின் சந்ததி கரையிலேயே இல்லாமல் போனது. வழிகாட்டியில் இதற்கு அதிகபட்சம் ‘அருகில் ஒரு பழமையான குடில் உள்ளது’ என்று ஒரு வரி வரும். கழிப்பறைக்கு அடுத்த வரி.

பசிபிக் க்ரோவ் ஊரின் லவ்வர்ஸ் பாயிண்டும் அப்படித்தான். ஸ்நார்க்கெல் செய்கிறவர்களுக்கு நல்ல இடம், பாதுகாக்கப்பட்ட பகுதி, எதையும் எடுக்கக்கூடாது. சரி, யார் பாதுகாத்தது? ஜூலியா பிளாட் என்ற விலங்கியலாளர். ஜெர்மனியில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண்களில் ஒருவர். ஆய்வகத்தில் வேலை கிடைக்காமல் இந்த ஊருக்கு வந்து உள்ளூர் அரசியலில் இறங்கி, 1931-ல் எழுபது வயதுக்கு மேல் மேயரானார். மத்தி டின் ஆலைகள் கழிவைக் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஊரை ஒட்டிய கடல்மீது ஊருக்கே அதிகாரம் வாங்கிக் காப்பிடத்தை உருவாக்கினார். இன்று அங்கே முகமூடியை மாட்டிக்கொண்டு குனிகிறவர் பார்ப்பது பாதி இயற்கை, பாதி அந்த அம்மாவின் பிடிவாதம்.

ரிக்கெட்ஸ் அடுக்கிய விதம்

‘அட, வழிகாட்டிதானே, இவ்வளவு எதிர்பார்க்கலாமா?’ என்று கேட்கலாம். எதிர்பார்க்கலாம். ஏனென்றால் இதே ஊரில் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார்.

எட் ரிக்கெட்ஸும் ஜாக் கால்வினும் எழுதி 1939-ல் வெளியான ‘பிட்வீன் பசிபிக் டைட்ஸ்’. ரிக்கெட்ஸ் கேனரி ரோவில் உயிரின மாதிரிகள் விற்கும் ஆய்வகம் நடத்தியவர். ஸ்டைன்பெக்கின் நண்பர், அவர் நாவலில் வரும் ‘டாக்’ பாத்திரத்துக்கு மூலம். இந்தப் புத்தகமும் ஒரு கள வழிகாட்டிதான். ஆனால் அடுக்கு வேறு. அன்றைய வழக்கப்படி விலங்குக் குடும்ப வாரியாக அடுக்காமல், வாழிடத்தை வைத்து அடுக்கினார்: அலை நேராக அடிக்கும் திறந்த கரை, கொஞ்சம் மறைப்புள்ள வெளிக்கரை, விரிகுடாவும் கழிமுகமும், துறைமுகத் தூண்கள். ஒவ்வொன்றிலும் ஓதம் ஏறி இறங்கும் உயரத்தை வைத்துப் பிரிவுகள்.

இது வெறும் அட்டவணை மாற்றம் இல்லை. ‘இந்த உயிர் ஏன் இங்கே இருக்கிறது, ஏன் இரண்டடி மேலே இல்லை’ என்ற கேள்வி அந்த அடுக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. வழிகாட்டியின் ‘என்ன பார்க்கலாம்’ பட்டியலில் அனிமோன், நண்டு, நீர்நாய் எல்லாம் காற்புள்ளி போட்டு வரிசையாக நிற்கின்றன. ரிக்கெட்ஸிடம் அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, தின்றுகொண்டு, இடம் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவர் ஓத எல்லையோடு நின்றுவிட்டார் என்பது உண்மை. ஸ்கூபா பரவும் முன்பே, 1948-ல் ரயில் மோதி இறந்தும் போனார். அவர் விட்ட இடத்திலிருந்து கீழே இறங்கியவர்கள் அந்த அடுக்கைக் கூடவே எடுத்துப் போகவில்லை என்பதுதான் என் புகார்.

காடு போன பிறகு

காற்புள்ளிப் பட்டியலால் என்ன நஷ்டம்? இதற்கு மாண்டரேக்கு வடக்கே போக வேண்டும்.

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள கரையில் அபலோன் எடுக்க ஒரு விதி இருந்தது: ஸ்கூபா கூடாது, மூச்சடக்கி மட்டும். மூச்சு எட்டாத ஆழத்தில் இருந்தவை தப்பித்து இனம் பெருக்கின. இவ்வளவு அழகான மீன்பிடி விதியை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. மனித நுரையீரலையே வேலியாக வைத்த விதி. 2013 முதல் நட்சத்திர மீன்களை ஒரு நோய் அழித்தது. கடல் முள்ளெலிகளைத் தின்னும் பெரிய சூரியகாந்தி நட்சத்திர மீன் அங்கே கிட்டத்தட்ட இல்லாமலே போனது. 2014 முதல் 2016 வரை கடல் வெப்ப அலை. ஊதா முள்ளெலி பெருகியது, கெல்ப்பை அடியோடு மேய்ந்தது. வடகரையில் சுமார் 350 கிலோமீட்டர் நீளத்துக்கு 90 சதவீதத்துக்கு மேல் காடு போயிற்று. தின்ன ஒன்றுமில்லாமல் அபலோன் செத்தது. 2018-ல் அந்தப் பிடிப்பையே மூடினார்கள். மூச்சளவு வேலி மனிதனிடமிருந்து காத்தது, பசியிடமிருந்து காக்க முடியவில்லை.

மாண்டரேயிலும் காடு அங்கங்கே பொத்தல் விழுந்தது. ஆனால் முழுசாகப் போகவில்லை. ஒரு காரணம் கடல் நீர்நாய். ரோமத்துக்காக வேட்டையாடி அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது, 1938-ல் தெற்கே பிக்ஸ்பி ஓடைமுகத்தில் ஒரு கூட்டம் தென்பட்டது. இன்று கலிஃபோர்னியக் கரையில் இருப்பவை அந்த மிச்சத்தின் வாரிசுகள். மொட்டைப் பாறைகளில் பட்டினி கிடக்கும் முள்ளெலியில் சதை இல்லை என்பதால் நீர்நாய் அதைத் தொடுவதில்லை. காடு மிஞ்சிய இடத்தில் கொழுத்திருப்பதைத்தான் தின்கிறது. ஆக, அது போன காட்டை மீட்கவில்லை, இருக்கிற காட்டைக் காவல் காக்கிறது.

வழிகாட்டியின் பட்டியலில் கெல்ப், நட்சத்திர மீன், முள்ளெலி, நீர்நாய் நான்கும் இருந்தன. நான்கும் ஒரே கதை என்று எங்கும் இல்லை. ‘செழிப்பான காடு’ என்ற வாக்கியம் மட்டும், காடு போன பிறகும், பதிப்புக்குப் பதிப்பு நகலாகி வாழ்கிறது. புதிதாக வருகிறவர் மொட்டைப் பாறையில் ஊதா முட்களைப் பார்த்துவிட்டு, ‘நிறைய முள்ளெலி பார்த்தேன், அருமை’ என்று எழுதுவார். அடுத்த வழிகாட்டி அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். தான் முதலில் பார்த்ததே இயல்பு என்று ஒவ்வொரு தலைமுறையும் எடுத்துக்கொள்வதை டேனியல் பாலி 1995-ல் ‘நகரும் அடிக்கோடு’ என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார். வழிகாட்டி நினைத்தால் அந்தக் கோட்டை நகராமல் பிடித்து வைக்கலாம். ஆண்டு போட்டு எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

முக்குளிப்பவர்கள் சும்மா இல்லை. மாண்டரேயின் டாங்கர்ஸ் ரீஃபில் 2021-ல் அனுமதி வாங்கிக்கொண்டு சுத்தியலோடு இறங்கி முள்ளெலிகளை உடைத்தார்கள். ரீஃப் செக் தன்னார்வலர்கள் பாறை பாறையாக எண்ணிக் கணக்கெடுக்கிறார்கள். வாசகர்கள் வழிகாட்டியை எப்போதோ தாண்டிப் போய்விட்டார்கள். எழுத்துதான் இன்னும் பார்க்கிங்கில் நிற்கிறது.

ஒரு மாதிரிப் பதிவு

குறை மட்டும் சொன்னால் போதாது. வேலர்ஸ் கோவுக்கு ஒரு பதிவு எப்படி இருக்கலாம் என்று என் பங்குக்கு எழுதிப் பார்க்கிறேன். வழிகாட்டி அளவுக்குச் சின்னதாகவே:

*வேலர்ஸ் கோவ். முன்பதிவு கட்டாயம். சரிவுப்பாதை உண்டு, இறங்குவது எளிது. தண்ணீர் 10 முதல் 15 டிகிரி. ஜப்பானியக் குளியாட்களையே தலைக்கவசம் மாட்ட வைத்த குளிர், தடித்த உடுப்பு எடுத்து வாருங்கள். வசந்தத்தில் பச்சையாக இருந்தால் அது காற்று மேலே கொண்டுவந்த உரம். துணையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் தூரம் வரை தெரியும். கெல்ப் எவ்வளவு இருக்கிறது, ஊதா முள்ளெலி எவ்வளவு, நட்சத்திர மீன் ஏதாவது கண்ணில் பட்டதா என்று தேதி போட்டு எழுதிவையுங்கள். எதையும் எடுக்காதீர்கள். மரவீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு இறங்குங்கள். 5 நிமிடம் போதும்.*

பார்க்கிங்கைச் சேர்த்தாலும் ஒரு பக்கம் தாண்டாது. நீங்கள் இறங்கிய கடல் எதுவானாலும், இப்படி ஒன்று எழுதி அனுப்பினால் இங்கே போடுகிறேன். ஆண்டு மட்டும் மறக்காமல் போடுங்கள்.